இருட்டு அறைக்கு ஐந்து கிளிக்

தர்ஷினி, கவினேஷ்… சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அப்பா ஏன் சாயந்திரம்தான் வந்தார் என்று கேட்டீர்கள். சட்டையெல்லாம் தூசி, வாயெல்லாம் பல். கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மாவிடம் புகார் வேறு.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் சொல்லித் தீர்த்துவிட்டால் இந்த வாரம் இங்கே எதை எழுதுவது?

ஆகவே நீங்கள் இரண்டு பேரும், வாராவாரம் பத்திரிகையில் இந்த மூலையைத் தேடிப் பிடித்துப் படிக்கும் மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது எச்.டி.ஆர். – வெளிச்சமும் இருட்டும் சண்டை போடுகிற இடத்தில் படம் எடுக்கும் வித்தை.

பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். எனக்கே புரிந்துவிட்டது… உங்களுக்குப் புரியாமல் போகுமா?

விஷயம் குணா அண்ணனிடமிருந்து தொடங்குகிறது.

குணா அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் செய்கிறவர். பிறவியிலேயே கண் தெரியாது. வெளிச்சம் எது, இருட்டு எது என்ற வித்தியாசம்கூடத் தெரியாது. நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி ரிவர்ஸ் எடுத்துப் பிடித்துக்கொண்ட என் கழுத்தும் அவர் கையும் பழைய சிநேகிதர்கள். வேறொருவர் கடையில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர், இந்த வருஷம்தான் துணிந்து சொந்தமாக ஒரு சின்னக் கடை எடுத்தார். கிள்ளானிலிருந்து தினமும் ரயில் ஏறிப் போய்த் திறக்கிறார்.

போன வாரம் போன் செய்தார்.

"முரளி, நீ படம் புடிக்கிறவன்தானே?"

"ஆமாண்ணே. கல்யாணம், காதுகுத்து, பொறந்தநாளு…"

"ஆளுங்கள விடு. என் கடைய எடுத்துக் குடு. போன்ல மேப்புல கடைப் பேரு வருது, படம் இல்ல. கதவு வரைக்கும் ஆளுங்க வர்றாங்க முரளி. செருப்புச் சத்தம் கேக்குது. நிக்குது. அப்புறம் அப்படியே திரும்பிப் போயிடுது. உள்ள எப்படி இருக்குன்னு படத்துல பாத்துட்டு வந்தா தைரியமா நுழைவாங்கல்ல?"

"நுழைவாங்கண்ணே."

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆளு வரலேன்னா, சாவியக் குடுத்துட்டு பழைய பாஸ்கிட்டயே போயிடலாம்னு இருக்கேன். வீட்டுக்காரியும் அதத்தான் சொல்றா."

குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் நொண்டியது.

சனிக்கிழமை காலை கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, அந்தப் பழைய லேப்டாப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் இறங்கினேன். அவருடைய புதுக் கடைக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போகிறேன்.

நீளமான, ஒடுங்கின கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே வெயில் கொளுத்துகிறது – நிறுத்தியிருக்கும் கார்களின் கூரை, பக்கத்தில் சரசு அக்காவின் பூக்கடையில் தொங்கும் சாமந்தி மாலைகள், எல்லாம் பளபளவென்று மின்னுகின்றன. உள்ளே மூன்று கட்டில். பச்சைத் திரை. மூலையில் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறது. காற்றில் தைலம்.

அப்புறம், இருட்டு. சும்மா இல்லை, நல்ல கனமான இருட்டு. கடைசிக் கட்டில் எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

அவருக்கு லைட் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால்… அந்த இருட்டைப் பார்த்து எனக்கு மனசு குதித்தது. எச்.டி.ஆர். கற்றுக்கொண்ட நாளிலிருந்து இப்படி ஓர் இடத்துக்காகத்தான் காத்திருந்தேன்!

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விளையாட்டுப் போட்டி நாளில் திடல் வெயிலில் நின்றுவிட்டு மண்டபத்துக்குள் ஓடி வந்தால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். திரும்பி வெளியே பார்த்தால் அதற்கும் உடனே பழகிக்கொள்ளும். கண் அவ்வளவு கெட்டிக்காரத்தனமான சாமான்.

கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு படத்தில் ஒன்றைத்தான் அதனால் ஒழுங்காகப் பார்க்க முடியும். தெருவைப் பார்க்கச் சொன்னால் அறை கரிக்கட்டையாகிவிடும். அறையைப் பார்க்கச் சொன்னால் கண்ணாடிக் கதவு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும் – காரும் இருக்காது, பூவும் இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது? கேமராவை அசையாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே இடத்தை ஐந்து தடவை எடுக்க வேண்டும். முதல் படம் ரொம்ப இருட்டாக, தெருவுக்கு மட்டும். அடுத்தது கொஞ்சம் வெளிச்சமாக. அடுத்தது இன்னும் கொஞ்சம். ஐந்தாவது, அறையின் கடைசி மூலைக்கு. பிறகு கம்ப்யூட்டரிடம் ஐந்தையும் கொடுத்தால், எந்தப் படத்தில் எந்தப் பகுதி நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துச் சேர்த்து ஒரே படமாக்கிக் கொடுத்துவிடும்.

பள்ளியில் குழு வேலை செய்கிறீர்களே, அது மாதிரி. ஒருவன் நன்றாக வரைவான், ஒருத்தி நன்றாக எழுதுவாள், ஒருவனுக்கு ஒட்டுவதற்கு மட்டும் கை வரும். சேர்த்தால் ஒரு நல்ல வேலை. தனித்தனியாகப் பார்த்தால்… ஆசிரியரிடம் திட்டுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. ஐந்து படமும் எடுத்து முடியும் வரை எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் ஒரே பொருள் இரண்டாக, மூன்றாக, பேய் மாதிரி தெரியும். ஆகவே திரை ஆடாமல் இருக்க ஃபேனை நிறுத்தச் சொன்னேன். குணா அண்ணனை நடுக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"அண்ணே, அஞ்சு தடவ சத்தம் கேக்கும். அஞ்சும் முடியிற வரைக்கும் அசையாதீங்க."

"மூச்சு?"

"மூச்சு விடலாம்ணே."

"அந்த மட்டுக்கும் சந்தோஷம் லா. எடு."

டக். டக். ட-டக். ட…டக். ட…………டக்.

முடிந்ததும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கடைசிச் சத்தம் ஏன் அவ்வளவு இழுத்துச்சு?"

"உள்ள ஒரு கதவு இருக்குண்ணே. தொறக்குறது ஒரு சத்தம், மூடுறது ஒரு சத்தம். வெயில எடுக்குறப்ப தொறந்த உடனே மூடிக்கும். இருட்ட எடுக்கணும்னா ரொம்ப நேரம் தொறந்து வெச்சிருக்கணும். கொஞ்சமா இருக்கிற வெளிச்சத்தப் புடிச்சுச் சேத்துக்கணும்ல?"

விரலால் கட்டிலில் அந்தச் சத்தங்களைத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப அது எவ்வளவு நேரம் கண்ணத் தொறந்து வெச்சிருக்குன்னு எனக்குக் காதுலயே தெரியும்."

"தெரியும்ணே."

"மொத சத்தத்துல தெருவப் பாத்துச்சு. கடைசிச் சத்தத்துல என்னப் பாத்துச்சு."

கேமரா வாங்கி எத்தனை வருஷம்! அந்தச் சத்தம் ஆயிரம் தடவை காதில் விழுந்திருக்கிறது. ஒரு நாளாவது அதைக் கேட்டிருக்கிறேனா?

லேப்டாப்பில் போட்டுச் சேர்த்தேன். குணா அண்ணனுக்கு மூன்று தலை வந்திருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மனிதர் மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறார்!

"அண்ணே, உங்களுக்கு மூணு தல."

"இருக்கிற ஒண்ணுலயே முடி இல்ல. மத்தது ரெண்டும் எப்படி?"

"அதுங்களும் வழுக்கதாண்ணே."

"அப்ப எனக்கு வேணாம். மறுபடி எடு."

மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கற்சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். லேப்டாப் மேடு ஏறும் லோரி மாதிரி இரைந்து, இரைந்து… படத்தைத் துப்பியது.

பிள்ளைகளே, என்ன படம் அது! வெளியே வெயிலில் சாமந்தி மாலை ஒவ்வொரு பூவாகத் தெரிகிறது. உள்ளே பச்சைத் திரையின் மடிப்பு, கட்டில் விரிப்பின் ஓரத் தையல், கடைசிச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரின் எண்கள்கூடத் தெரிகின்றன. என் வாழ்நாளில் நான் எடுத்ததிலேயே நல்ல படம். வாய் சும்மா இருக்குமா? குணா அண்ணனுக்கு ஒவ்வொன்றாக வர்ணித்தேன். அவரும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெருமை தாங்காமல் சொன்னேன்.

"இத்தனைக்கும் ரூம்ல ஒரு லைட்டுகூட எரியலண்ணே. அதான் எச்.டி.ஆர்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னது எரியல?"

"லைட்டுண்ணே."

"லைட்டு போட்டிருக்கேனே."

எழுந்து கதவோரம் போனார். சுவரைத் தடவி, சுவிட்சின் மேல் விரலை வைத்தார்.

"கீழ அமுக்கித்தானே இருக்கு? காலையில வந்ததும் மொத வேல இதான். எனக்கு எதுக்கு? வர்றவங்களுக்கு."

அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரே ஒரு நீளமான எல்.இ.டி. விளக்கு. செத்துக் கிடந்தது. சுவிட்சை நானே இரண்டு தடவை போட்டு அணைத்துப் பார்த்தேன். ம்ஹும்.

"எரியலண்ணே. போயிடுச்சு."

"கடை தொறந்த அன்னிக்கு வீட்டுக்காரி பாத்தாளே, நல்லா எரியுதுன்னு சொன்னாளே…" என்றார். "பழைய கடையில டியூப் லைட்டு 'ங்ங்ங்'னு பாடிக்கிட்டே இருக்கும். பாட்டு நின்னா எனக்குத் தெரிஞ்சிடும், பாஸ்கிட்ட சொல்லுவேன். இந்தப் புது லைட்டு பேசவே மாட்டேங்குது."

எங்கள் பேச்சைக் கேட்டுச் சரசு அக்கா கையில் கட்டிக்கொண்டிருந்த மல்லிகைச் சரத்தோடு கதவில் வந்து நின்றார். நான்தான் கேட்டேன்.

"அக்கா, இந்த லைட்டு எப்பேர்ந்து எரியல?"

"அது… நோன்புப் பெருநாளுக்கு முன்னாலயே எரியலையே. அண்ணே கரன்ட்ட மிச்சம் புடிக்கிறாருன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சரசு," என்றார் குணா அண்ணன்.

"எப்படிண்ணே சொல்றது? கண்ணு தெரியாதவர்கிட்டப் போயி இருட்டா இருக்குன்னு சொன்னா மனசு நோகாதா?"

குணா அண்ணன் கட்டிலைத் தேடி மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப அந்தச் செருப்புச் சத்தமெல்லாம்…" என்றார். "கண்ணு தெரியாதவன் கையில உடம்பக் குடுக்கப் பயப்படுறாங்கன்னு நெனச்சேன். பழைய கடையில பாஸு இருந்தாரு, நம்பி வந்தாங்க. என்ன நம்பி வரமாட்டேங்குறாங்கன்னு நெனச்சேன். இருட்டுக்குள்ள யாரு சரசு வருவா?"

"நான் வரமாட்டேண்ணே," என்றார் அக்கா, ரொம்ப நேர்மையாக.

குணா அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "எல்லாரும் ரொம்ப மரியாதக்காரங்க லா. மரியாத குடுத்தே என் கடைய மூடியிருப்பீங்க."

சுருக்கென்றது எனக்கு. அந்த மரியாதைக்காரர்களில் நானும் ஒருவன்தானே? காலையில் உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். "என்னண்ணே, லைட்டுப் போடலியா?" என்று மூன்று வார்த்தை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்து படமும் தாம் பார்த்ததை ஒளிக்காமல் காட்டியதால்தான் ஒரு நல்ல படம் வந்தது. இந்தக் கடையை எட்டிப் பார்த்த நாங்கள் எத்தனை பேர்… எல்லோரும் ஒரே இருட்டைத்தான் பார்த்தோம். ஒருவரும் சொல்லவில்லை.

அதைவிட ஒன்று. நான் எடுத்த அந்த அழகான படத்தை மேப்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பார்த்துவிட்டு ஆசையாக வந்திருப்பார்கள். கதவைத் திறந்தால் இருட்டு. மறுபடியும் செருப்புச் சத்தம் திரும்பிப் போயிருக்கும். என் வித்தை அவர் கடையை வெளிச்சமாகக் காட்டியது. வெளிச்சமாக ஆக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று இந்த வயதில் எனக்கு உறைத்தது!

முனையில் இருந்த எலெக்ட்ரிக் கடைக்கு ஓடினேன். நடந்து போகவில்லை – நிஜமாகவே ஓடினேன். அதே அளவு விளக்கு ஒன்று வாங்கி வந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். பழையதைக் கழற்றியதும் கூரைத் தூசி மொத்தமும் என் சட்டைக்கு இடம் மாறியது. குணா அண்ணன் ஸ்டூலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்துடாத முரளி. அப்புறம் உனக்கு ஓசியில உருவி விடணும்."

மாட்டி முடித்து, மெயினைப் போட்டு, கதவோரச் சுவிட்சை அமுக்கினேன். அறை முழுக்க வெள்ளை வெளேரென்று வெளிச்சம்.

"எரியுதா?"

"எரியுதுண்ணே."

"நெசமாத்தானே? நீயும் மரியாதைக்குச் சொல்லலியே?"

வாய்ப் பேச்சை இனி அவர் ஏன் நம்ப வேண்டும்?

கேமராவை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினேன். லைட் வந்த பிறகு எச்.டி.ஆர். எதற்கு என்று கவினேஷ் கேட்பான். நல்ல கேள்வி. அறை எவ்வளவு வெளிச்சமானாலும் மத்தியான வெயிலோடு போட்டி போட முடியுமா? தெருவில் வெளிச்சம் இன்னும் பல மடங்கு அதிகம். ஒரே படத்தில் எடுத்தால் கதவு இப்போதும் வெள்ளைத் தாள்தான். வித்தியாசம் என்னவென்றால், இருட்டு குறைந்துவிட்டதால் கேமரா முன்போல அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. புதிதாக அளவு பார்த்து வைத்தேன். குணா அண்ணன் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டக். டக். டக். ட-டக். ட…டக்.

கடைசிச் சத்தம் முடிந்தது. அவர் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார், மிச்சத்துக்காக.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

"சீக்கிரமா மூடிக்கிச்சு."

"ஆமாண்ணே."

முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப லைட்டு எரியுது," என்றார்.

நான் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதன் எப்படி இருப்பான்? நல்லவேளை, சரசு அக்கா பூ கட்டப் போய்விட்டார்.

நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். வந்தது. நின்றது. குணா அண்ணன் முதுகு நேராகியது.

கதவு திறந்தது. ஆபீஸ் பை மாட்டிய ஒரு மலாய்க்காரர், ஒரு கையால் தோளைப் பிடித்தபடி தலையை நீட்டினார். கடை திறந்திருக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

"பாங், புக்கா?"

"புக்கா, புக்கா. மாசோக்," என்றார் குணா அண்ணன். திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாருங்கள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். கை மட்டும் கட்டில் விரிப்பை இரண்டு தடவை நீவிவிட்டது.

படம் இப்போது மேப்பில் இருக்கிறது. லைட் மாட்டிய பிறகு எடுத்தது. இருட்டில் எடுத்த படம்தான் அழகு, சத்தியமாகச் சொல்கிறேன்… ஆனால் உள்ளே வருகிறவர் எதைப் பார்ப்பாரோ அதைத்தானே காட்ட வேண்டும்?

நேற்று போன் செய்து பார்த்தேன். எடுத்ததும், "கையில எண்ணெ முரளி, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார். ஒருவர் என் போனை முகத்தில் அடித்த மாதிரி வைத்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடைச் சாவி அவர் பையிலேயே இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளே, எச்.டி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் போனிலேயே இருக்கிறது. ஆனால் இருட்டான இடத்துக்குப் போனால், முதலில் அங்கே இருப்பவரிடம் இருட்டாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிறகு கேமராவை எடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. அன்றைக்குக் கிளம்புகிற நேரம். உள்ளே குணா அண்ணன் திரையை இழுத்துவிட்டு அந்த ஆபீஸ்காரரின் தோளை உருவிக்கொண்டிருந்தார். நான் மட்டும் வாசலுக்கு வெளியே, ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்து கண்ணாடிக் கதவின் மேல் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். முக உயரத்தில், கண்ணாடி முழுக்கத் தடங்கள். இரண்டு உள்ளங்கையின் ஓரம், நடுவில் நெற்றியின் எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்று இரண்டல்ல. உயரமானவர்களுடையது மேலே, குட்டையானவர்களுடையது கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக. கையைக் குவித்து வைத்து இருட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள்.

கேமரா பையிலிருந்து துணியை எடுத்தேன். கண்ணாடியில் வாயால் ஊதி ஊதி, ஒவ்வொரு தடமாகத் துடைத்தேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

லென்ஸ் துடைக்கிற துணி. ஆமாம்… தொடவே கூடாது என்று உங்கள் இரண்டு பேரையும் மிரட்டி வைத்திருக்கிறேனே, அதேதான்.